அன்றைக்கு வலையில் ஒரே ஒரு மீன்





சென்ற மாதம் எங்கள் வட்டார இளைஞர் முகாமில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சமய வகுப்பு எடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். "நாயன்மார் கதை ஒண்ணு சொல்லிரு, அரை மணி நேரம் ஓடிரும்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் படிப்பதோ இயந்திரப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. சமயத்தில் பட்டயம் எதுவும் வாங்கியவனில்லை. தெரிந்த கதையைச் சொன்னேன். அதிபத்த நாயனார் கதை. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் கையைத் தூக்கினார். வயது இருபத்தேழு இருக்கும். அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மழுப்பிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் ஆசிரியரிடம் இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

அவர் கேட்டது இதுதான்: "தம்பி, எனக்கு ஃபேக்டரில கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு, புதுப்பிக்கல. எங்கயும் ஆள் எடுக்கிற மாதிரி தெரியல. தாமான் முன்னுக்கு ஒரு தோசைக் கடை போடலாம்னு இருக்கேன். எல்லாரும், இப்ப நேரம் சரியில்ல, கையில இருக்கிற காசும் போயிரும்னு பயமுறுத்துறாங்க. நீங்க சொன்ன கதைப்படி பார்த்தா, வர்ற முதல் காசைச் சாமிக்குப் போட்டா பின்னாடி தங்க மீன் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினக் கடற்கரையில் நுளைப்பாடி என்று ஒரு மீனவர் குப்பம். அங்கே பரதவர்களுக்குத் தலைவராக இருந்தவர் அதிபத்தர். படகு, வலை, ஆட்கள் எல்லாம் உண்டு. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தினமும் வலையில் விழுகிற மீன்களில் ஒரு மீன் சிவபெருமானுக்கு. அதைக் கரைக்குக் கொண்டுவர மாட்டார். 'இது ஐயனுக்கு' என்று நினைத்துக் கடலிலேயே விட்டுவிடுவார். மீன் மலை மலையாகக் குவிந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது.

அப்புறம் கடல் மாறியது. வலை வீசினால் மீன் இல்லை. செல்வம் கரைந்தது. வீட்டில் பசி. ஒரு கட்டத்தில் நாள் முழுக்க வலை வீசினால் ஒரே ஒரு மீன் கிடைக்கும். அந்த ஒன்றையும் அவர் கடலில் விட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாள் கணக்காக. உடம்பு மெலிந்தது, சுற்றத்தார் வாடினார்கள். ஆனாலும் விட்டார். கடைசியாக ஒரு நாள் வலையில் ஒரு மீன் ஏறியது. பொன்னாலான மீன், உடம்பெல்லாம் மணிகள். கூட இருந்தவர்கள் 'பொன் மீன், பொன் மீன்' என்று கத்தினார்கள். அதிபத்தர் பார்த்தார். இதுவும் அன்றைய ஒரு மீன்தானே? அதையும் கடலில் விட்டார். அப்போது இறைவன் விடை மேல் காட்சி கொடுத்து அவரைத் தம் உலகத்துக்கு அழைத்துக்கொண்டார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் எழுதி வைத்தது இது. இன்றைக்கும் ஆவணி மாத ஆயில்ய நட்சத்திரத்தன்று அவருக்குக் குருபூஜை. நாகப்பட்டினத்தில் தங்க மீனைக் கடலில் விடுகிற விழாவும் நடக்கிறது.

இப்போது அந்த அண்ணன் கேள்விக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஆட்களில் பல பேர் இந்தக் கதையை அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மீன் கொடுத்தார், தங்க மீன் கிடைத்தது. ஒரு வெள்ளி உண்டியலில் போடு, நூறு வெள்ளி திரும்ப வரும். கடை திறப்பு விழாவில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வார்கள், கல்லாவில் கற்பூரம் காட்டுவார்கள், எல்லோருக்கும் கேசரி கிடைக்கும். எனக்கும் கேசரி பிடிக்கும். ஆனால் கதையைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். தங்க மீனை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லையே! அதை விற்றுப் புதுப் படகு வாங்கினார், கடனை அடைத்தார், பழையபடி பணக்காரர் ஆனார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. 'பின்பு வியாபாரம் பெருகியது' என்ற முடிவு இந்தக் கதையில் இல்லை. நாமாக ஒட்டிக்கொண்டது அது. இறைவனோடு முதலீட்டுக் கணக்குப் போடுகிறவனுக்கு இந்தக் கதையில் எந்த லாபமும் இல்லை.

அப்படியென்றால் இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் கணக்குப் பிள்ளை, ஆகவே கணக்காகவே சொல்கிறேன். நூறு மீன் விழுந்த நாளில் ஒரு மீன் விட்டால் அது ஒரு விழுக்காடு. வலிக்காது. பத்து மீன் விழுந்த நாளில் அது பத்து விழுக்காடு. கொஞ்சம் வலிக்கும். ஒரே மீன் விழுந்த நாளில் அது நூறு விழுக்காடு. அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலைதான் ஏறிக்கொண்டே போனது. பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போது தொழில் தொடங்குகிறவனுக்கும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். நேர்மையாக இருப்பது, சொன்ன சொல்லைக் காப்பது எல்லாம் நல்ல காலத்தில் ஒரு விழுக்காடு செலவு. மந்த காலத்தில் அதுவே முழு லாபத்தையும் தின்றுவிடும்.

முகாமில் ஒரு தங்கை வேறொன்று கேட்டார். "வீட்டுல பிள்ளைங்க பட்டினியா கிடக்கிறப்ப மீனைக் கடல்ல விடுறது சரியா அண்ணா?" இதற்கும் என்னிடம் வழுக்கலான பதில் இல்லை. சேக்கிழார் அந்தப் பசியை மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. என் வரைக்கும் சொன்னால், பிள்ளைக்கு வைத்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் கொட்டு என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். நாயன்மார்கள் போன வழி எல்லாமே நம் கால் நடக்கிற வழி இல்லை. கலிய நாயனாரைப் பாருங்கள். திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகம் செய்த செல்வர். சொந்தத் தொழில் போய், கூலிக்குச் செக்காட்டி, அந்தக் கூலி வேலையும் இல்லாமல் போய், கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாதபோது தன் கழுத்தையே அரிந்து இரத்தத்தை ஊற்றப் போனார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார். தடுத்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

நமக்கு, அதாவது உண்டியலில் பத்து வெள்ளி போடுவதற்கே யோசிக்கிற சாதாரண ஆட்களுக்கு, அந்த 'ஒரு மீன்' எது? இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுச் சமையல் கட்டில், கொஞ்சம் அவமானப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். அப்பா ஒரு தங்கும் விடுதியில் குளிர்சாதனம், தண்ணீர்ப் பம்பு எல்லாம் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். சுற்றுலா நின்றது, விடுதி காலி. முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் சம்பளமில்லா விடுப்பு, அப்புறம் ஒரு கடிதம். அந்த மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை 5.3 விழுக்காடு என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது நூறு விழுக்காடு. ஏனென்றால் சம்பாதித்தவர் ஒருவர்தான். நான் அப்போது எஸ்.பி.எம். மாணவன். தேர்வே தள்ளிப்போய் 2021 பிப்ரவரியில்தான் நடந்தது.

அம்மா தொழில் தொடங்கினார்கள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் பெரிய வார்த்தை. பாட்டி கொடுத்த பித்தளை முறுக்கு அச்சு ஒன்று இருந்தது. அடுப்பு இருந்தது. புதிதாக வாங்கியது ஒரு தராசு, பிளாஸ்டிக் பைகளை ஒட்டுகிற ஒரு சின்ன இயந்திரம், அவ்வளவுதான். கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்கவில்லை. 2020 தீபாவளிக்குத் தாமானில் வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள் வாங்கினார்கள். வெளியே போக முடியாத நேரம், பலகாரம் செய்யவும் பல பேருக்கு மனமில்லை. நன்றாகவே ஓடியது. அதிபத்தர் கதையில் மீன் குவிந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைகளின் மேல் ஒட்டுகிற தாளை நான்தான் கணினியில் செய்துகொடுத்தேன். 'வீட்டு முறுக்கு, 500 கிராம், 15 வெள்ளி.'

அடுத்த வருடம்தான் வலி. 2021-ல் பாட்டில் எண்ணெய் விலை ஏறு ஏறு என்று ஏறியது. உளுந்தும் ஏறியது. ஆட்கள் கையில் காசு இல்லை. பல பேர் சேமநிதியில் இருந்த பணத்தையே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்குமே, அதை வாங்கிச் சுடலாமே என்று நான் கேட்டேன். "அது வீட்டுச் சமையலுக்குன்னு கவர்மெண்டு மானியம் போட்டுக் கொடுக்கிறது. நாம விக்கிறதுக்கு அதை எடுத்தா, பின்னாடி வர்ற ஆளுக்கு இருக்காது" என்றார்கள் அம்மா. சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் என் மூளை சும்மா இருக்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பையில் 500 கிராமுக்குப் பதில் 460 கிராம் போட்டால் என்ன? நாற்பது கிராம் என்பது மூன்று நாலு முறுக்கு. கையில் பிடித்தால் தெரியாது. இருநூறு பைக்கு எட்டு கிலோ மிச்சம். எட்டு கிலோ என்றால் பதினாறு பை, 240 வெள்ளி. எண்ணெய் விலை ஏறியது இதிலேயே சரியாகிவிடும், விலையை ஏற்ற வேண்டாம், யாரையும் இழக்க வேண்டாம். எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. பொறியியலில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு. அளவில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று விடுகிற இடம். அந்த வார்த்தையை வைத்து மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த இடம் கூடுவதற்கும் குறைவதற்கும் பொதுவானது என்பதையும், நான் இருநூறு பையிலும் குறைய மட்டுமே விடப் போகிறேன் என்பதையும் வசதியாக மறந்துவிட்டேன்.

மறுநாள் நிறுத்துப் போடுகிற வேலை என்னுடையது. முப்பது பை போட்டு ஒட்டிவிட்டேன். அம்மா வந்து ஒரு பையைச் சும்மா கையில் எடுத்தார்கள். எடுத்தவர்கள் கீழே வைக்கவில்லை. இன்னொன்றை எடுத்தார்கள்.

"தம்பி, இதை யாரு நிறுத்தது?"

"நான்தான்மா."

"தராசு சரியா இருக்கா?"

அந்த இடத்தில் 'தராசுல ஏதோ கோளாறு போல' என்று சொல்லியிருக்கலாம். தப்பித்திருப்பேன். ஏனோ வாய் வரவில்லை. கணக்கைக் காட்டினேன். 240 வெள்ளியையும் காட்டினேன். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தரிக்கோலை எடுத்து முப்பது பையையும் ஒவ்வொன்றாக வெட்டி, முறுக்கை மறுபடி பெரிய டப்பாவில் கொட்டினார்கள். முப்பது பையும் முப்பது தாளும் குப்பைக்குப் போயின. அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னார்கள். "அரைக் கிலோன்னு எழுதினது நீதானே? போன வருசம் நல்லா ஓடினப்ப எழுதினே. இப்ப ஓடலன்னா அரைக் கிலோ வேறயா ஆயிருமா?"

எனக்கு அப்போது அதிபத்தர் ஞாபகம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அப்பாவுக்கு வேலை இல்லை, இவர்களுக்கு நாற்பது கிராம் பெரிதா என்று நினைத்தேன். வெகுநாள் கழித்துப் பெரிய புராண வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோதுதான் அந்தக் கத்தரிக்கோல் சத்தம் காதில் கேட்டது.

அம்மா விலையை 17 வெள்ளியாக ஏற்றினார்கள். வாட்சாப்பில் எல்லோருக்கும் நேரடியாகச் சொல்லச் சொன்னார்கள்: எண்ணெய், உளுந்து விலை ஏறிவிட்டது, அளவு பழைய அளவுதான், இரண்டு வெள்ளி கூட, வேண்டாம் என்பவர்கள் தயங்காமல் சொல்லலாம். தயங்காமல்தான் சொன்னார்கள். வழக்கமாக வாங்குகிற இருபத்தெட்டு வீட்டில் பதினொரு வீடு வேண்டாம் என்றது. நாங்கள் நினைத்த இருநூறு பை நூற்று இருபதோடு நின்றது. அந்தத் தீபாவளிக்கு எனக்கும் தங்கைக்கும் புதுத்துணி இல்லை. அதைச் சோகமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தங்க மீன் எதுவும் வரவில்லை. நேர்மையாக இருந்தோம், அதனால் ஒரு பெரிய கடைக்காரர் வந்து ஆயிரம் பை ஆர்டர் கொடுத்தார் என்றெல்லாம் இந்தக் கதை முடியாது. அப்படி முடிகிற கதைகள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகமே உண்டு. மறு வருடம் அப்பாவுக்கு வேறிடத்தில், பழையதைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. அம்மா இன்னமும் முறுக்குச் சுடுகிறார்கள். தொழில் இன்னமும் சின்னதுதான்.

இதே மாதிரி வந்தி பாட்டி ஞாபகம் வருகிறார். மதுரையில் பிட்டு அவித்து விற்ற மூதாட்டி. சொந்தக்காரர் யாருமில்லை. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று அரசன் ஆணை. தனி ஆளாகச் சின்னத் தொழில் செய்கிறவருக்கு ஊரில் வருகிற எந்தச் சிக்கலும் ரெட்டிப்பு. நமக்கு நடமாட்டக் கட்டுப்பாடு, அவருக்கு வைகை. கூலியாளாக வந்த சிவபெருமானிடம், உதிர்ந்த பிட்டு மட்டும்தான் கூலி என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்து போயிற்று என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் அன்றைக்குப் பாட்டிக்கு விற்க ஒன்றுமே இல்லை. 'இவ்வளவும் உதிரும் என்று நான் நினைக்கவில்லை, பாதி எடுத்துக்கொள்' என்று பாட்டி சொல்லியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டோம். அவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொடுத்தார். முதுகில் பட்ட பிரம்படியைப் பற்றியே நாம் எப்போதும் பேசுகிறோம். எனக்கு அந்தக் காலி இட்டிலித் தட்டுதான் கண்ணில் நிற்கிறது.

பிட்டு, மீன், எண்ணெய், மண் ஓடு செய்த திருநீலகண்டர், துணி நெய்த நேசர், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர். நம் சமயத்தில் சின்னத் தொழில் செய்தவர்களுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. வாள் பயிற்சிப் பள்ளி நடத்திய ஏனாதிநாதருக்குப் போட்டிப் பள்ளிக்காரர் தொல்லைகூட இருந்தது. ஆகவே 'படித்துவிட்டுத் தோசை சுடப் போறியா' என்று யாராவது கேட்டால் வெட்கப்படாதீர்கள்.

'நேரம் சரியில்லை' என்பதற்கும் ஒரு வார்த்தை. நம் ஆட்களுக்கு இது புதுசு கிடையாது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1998-ல் நம் நாட்டுப் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது, ரிங்கிட்டை ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மாடு வாங்கிப் பால் ஊற்றியிருக்கிறார், யாரோ ஒட்டுக்கடை போட்டிருக்கிறார். சில பேர் பிழைத்தார்கள், சில பேர் நொடித்தார்கள். மந்த காலத்தில் சில வசதிகளும் உண்டு. கடைகளை மூடுகிறவர்கள் அடுப்பு, குளிர்பெட்டி, மேசை நாற்காலி எல்லாம் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். உணவகத்தில் இருபது வெள்ளிக்குச் சாப்பிட்டவர்கள் ஐந்து வெள்ளித் தோசையைத் தேடுவார்கள். ஆனால் அவர்களே 'நோட்டுல எழுதிக்க, மாசக் கடைசில தர்றேன்' என்றும் சொல்வார்கள். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

சரி, தோசைக் கடை அண்ணனுக்கு இப்போது என் பதில். முதல் காசை உண்டியலில் போடுங்கள், விரும்பினால். அது உங்களுக்கும் இறைவனுக்கும் உள்ளது, அதில் நான் தலையிடவில்லை. தங்க மீனை எதிர்பார்த்துப் போடாதீர்கள், அவ்வளவுதான். அதைவிட முக்கியமாக, கடை திறப்பதற்கு முன்னால், இன்னும் ஒரு தோசைகூட விற்காத இப்போதே, உங்கள் 'ஒரு மீன்' எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நேற்றுப் புளித்த சட்டினியை இன்று ஊற்ற மாட்டேன் என்பதாக இருக்கலாம். உதவிக்கு வைத்திருக்கிற பையனுக்கு மழை பெய்து கடை ஓடாத நாளிலும் பேசிய கூலியைக் கொடுப்பேன் என்பதாக இருக்கலாம். இரண்டு மூன்று வேண்டாம். ஒன்று போதும், ஆனால் வியாபாரம் படுத்துக்கிடக்கிற நாளில் அதைக் கையில் வைத்துப் பார்த்தால் வலிக்க வேண்டும்.

மற்றபடி லௌகீகமான விஷயங்கள். தொழில் தொடங்கி முப்பது நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60. டைஃபாய்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள், உணவு கையாள்வோர் பயிற்சிக்குப் போங்கள், ஊராட்சி மன்றத்தில் உரிமம் கேளுங்கள். 'நம்ம ஆளுங்கதானே, யாரு வந்து பார்க்கப் போறாங்க' என்று விட்டவர்கள், சோதனை வரும்போது தள்ளுவண்டியோடு எல்லாவற்றையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைக் காசுக்கும் வீட்டுக் காசுக்கும் தனித்தனி டப்பா. டெக்குன் போன்ற இடத்தில் கடன் கேட்டு அலைவது அலுப்பாக இருந்தாலும் அலையுங்கள், ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள். அங்கே போனவனுக்கு எந்த மீனும் மிஞ்சாது.

இதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் அந்த அண்ணனே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முகாம் பொறுப்பாளரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம், அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்டதையே அம்மாவிடமும் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல், ஒரு கரண்டி தோசைக்கு எவ்வளவு மாவு, ஒரு படி அரிசிக்கு எத்தனை தோசை என்று எதிர்க்கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. உடனே அவரைக் கையைக் கழுவச் சொல்லி, எங்கள் வீட்டு மாவிலேயே தோசை ஊற்ற வைத்து, ஒவ்வொன்றையும் தராசில் நிறுக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு தோசை. ஒன்றுகூட இன்னொன்றின் எடைக்கு வரவில்லை. ஏழாவதை நான் சாப்பிட்டேன், ருசி நன்றாக இருந்தது.

போகும்போது அவர், "ஆன்ட்டி, முதல் வாரம் ஒருத்தருமே வரலன்னா என்ன செய்யிறது?" என்றார்.

"மறுநாளைக்கு எவ்வளவு அரிசி ஊறப்போடணும்னு பாருங்க தம்பி. அரைப் படியா, கால் படியா. அதை மட்டும் பாருங்க" என்றார்கள் அம்மா.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை. எந்தத் தாமான் என்று எழுதியிருந்தேன், விளம்பரமாகிவிடும் என்று ஆசிரியர் அடித்துவிட்டார். முகாமுக்கு வந்தவர்களுக்குத் தெரியும்.